மூச்சுக்கு முட்டுக் கொடுத்த கதை

கொவிட் வந்த பிறகு 'வென்டிலேட்டர்' எண்ட சொல் நம்மட குசினி வரைக்கும் வந்திட்டு. "ஆள வென்டிலேட்டர்ல போட்டுட்டாங்களாம்" எண்டு யாராவது போன்ல சொன்னா, கேக்கிறவங்க அதுக்கு மேல ஒண்டும் கேக்க மாட்டாங்க. ஆனால் அந்த நாட்களில் மூச்சு முட்டி ஆஸ்பத்திரிக்குப் போய், உயிரோடு வீடு திரும்பிய பலருக்குத் தொண்டைக்குள் குழாய் இறக்கப்படவே இல்லை. முகத்தில் இறுக்கிக் கட்டிய ஒரு மாஸ்க், அல்லது மூக்கில் செருகிய இரண்டு சிறு குழாய்கள், "கொஞ்சம் குப்புறப் படுங்க" எண்டு திரும்பத் திரும்பச் சொன்ன ஒரு தாதி. அவர்களின் நினைவில் இருப்பது இவ்வளவுதான்.

குழாய் இறக்காமல், ஆளை மயக்காமல், வெளியில் இருந்தபடியே மூச்சுக்குக் கொடுக்கும் இந்த உதவிக்கு ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. நாங்கள் வைத்தியர்கள் இல்லை. இது வைத்திய ஆலோசனையும் இல்லை. வரலாறு வாசிக்கிற ஆட்களாக இந்தக் கதையைத் தேடிப் போனோம். போகப் போக ஒரு விசயம் திரும்பத் திரும்ப எங்கட கண்ணில் பட்டது. இருநூற்றைம்பது வருசமாகக் கருவி மாறிக்கொண்டே இருக்கிறது. ஆனால் அந்தக் கருவி ஒருவரைக் காப்பாற்றுமா கைவிடுமா எண்டதை, பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும் மனிதர்தான் பெரும்பாலும் தீர்மானித்திருக்கிறார். மட்டக்களப்பு மாதிரி ஒரு இடத்துக்கு இது சின்ன விசயம் இல்லை. ஏன் எண்டதைக் கடைசியில் சொல்கிறோம்.

தண்ணியில் விழுந்தவர்களும் கொல்லன் துருத்தியும்

மூச்சு நின்றவருக்கு மூச்சுக் கொடுக்கலாம் எண்ட எண்ணம் ஐரோப்பாவில் பரவலானது தண்ணியில் மூழ்கியவர்களால்தான். 1740ல் பாரிசின் அறிவியல் கழகம், மூழ்கியவரின் வாயோடு வாய் வைத்து ஊதும்படி பரிந்துரைத்தது. 1767ல் அம்ஸ்டர்டாமில், மூழ்கியவர்களைக் காப்பாற்றவென்றே ஒரு சங்கம் தொடங்கப்பட்டது. ஊர் முழுக்கக் கால்வாய். ஆட்கள் விழுந்துகொண்டே இருந்தார்கள்.

இந்த ஒல்லாந்தரை நமக்குத் தெரியும். 1638ல் போர்த்துக்கேயரிடம் இருந்து மட்டக்களப்புக் கோட்டையைப் பிடித்தவர்கள் இவர்கள்தான். அம்ஸ்டர்டாமில் அந்தச் சங்கம் தொடங்கிய வருசத்தில் புளியந்தீவுக் கோட்டையும் அவர்கள் கையில்தான் இருந்தது. அவர்களின் ஊரைப் போலவே நம்மட ஊரும் தண்ணிக்கு நடுவில் இருக்கிற ஊர். வாவியில் தோணி கவிழ்ந்து ஆள் போன கதை இல்லாத கிராமம் இந்தப் பக்கத்தில் இருக்குமா எண்டு தெரியவில்லை.

அந்தச் சங்கம் சொன்ன வைத்தியங்களில் சிலதைக் கேட்டால் சிரிப்பு வரும். வாயால் ஊதுவது ஒன்று. உடம்பைச் சூடாக்குவது இன்னொன்று. இதுகளோடு, ஆசனவாய் வழியாகப் புகையிலைப் புகையை ஊதுவதும் அவர்களின் பட்டியலில் இருந்தது! கொஞ்ச நாளில் வாய்க்குப் பதிலாகத் துருத்தி வந்தது. கொல்லன் பட்டறையில் நெருப்பை மூட்டுகிற அதே துருத்தி. 1774ல் லண்டனில் தொடங்கிய இதே மாதிரியான சங்கமும் துருத்தியைப் பயன்படுத்தச் சொன்னது.

பிறகு 1820களின் இறுதியில் பாரிசில் லெருவா தெத்தியோல் எண்ட வைத்தியர் விலங்குகளில் சோதித்துப் பார்த்து ஒரு கெட்ட செய்தி சொன்னார். துருத்தியை வேகமாக அமுக்கினால் நுரையீரல் வெடித்து, காப்பாற்றப் போன உயிர் அதனாலேயே போய்விடலாம். அதோடு துருத்தியின் மதிப்பு இறங்கிவிட்டது. காற்றைத் தள்ளுவது லேசு. எவ்வளவு தள்ள வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் எண்டதுதான் கஷ்டம். இண்டைக்கும் அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறவர்கள் மல்லுக்கட்டுவது இந்தக் கேள்வியோடுதான்.

இரும்புப் பெட்டியும் வக்கியூம் கிளீனரும்

உள்ளே தள்ளுவது ஆபத்து எண்டால் வெளியே இருந்து இழுத்தால் என்ன? 1928ல் அமெரிக்காவின் பொஸ்டனில் பிலிப் ட்ரிங்கர், லூயி அகாசி ஷோ ஆகிய இருவர் செய்த பெட்டி இந்த யோசனையில் பிறந்தது. ஆளின் தலை மட்டும் வெளியே, உடம்பு முழுக்க ஒரு இரும்புப் பெட்டிக்குள். பெட்டிக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சினால் நெஞ்சு விரியும், வாய் வழியாகக் காற்றுத் தானாக உள்ளே போகும். உறிஞ்சுவதை நிறுத்தினால் நெஞ்சு அடங்கும். 'இரும்பு நுரையீரல்' எண்டு பெயர் வாங்கிய கருவி இது. முதல் பெட்டிக்குக் காற்றை இழுத்தது எது தெரியுமா? வீடு கூட்டுகிற இரண்டு வக்கியூம் கிளீனர்களின் பம். முதலில் அதற்குள் வைக்கப்பட்டது போலியோவால் மூச்சுத் தசைகள் செயலிழந்த எட்டு வயதுப் பிள்ளை. சில நிமிசத்தில் பிள்ளைக்கு நினைவு திரும்பியது. ஆனால் சில நாட்களில் நியூமோனியா அந்தப் பிள்ளையைக் கொண்டு போய்விட்டது.

இரும்புப் பெட்டி பெரிய விலை. 1937ல் அவுஸ்திரேலியாவின் அடிலெயிட் நகரில் எட்வர்ட் போத் அதையே ஒட்டுப்பலகையில் செய்து காட்டினார். மொரிஸ் கார்க் கம்பனியின் சொந்தக்காரரான நஃபீல்ட் பிரபு தன்னுடைய தொழிற்சாலையில் அந்தப் பலகைப் பெட்டிகளைச் செய்வித்து, பிரித்தானியப் பேரரசுக்குள் இருந்த ஆஸ்பத்திரிகளுக்கு இலவசமாகக் கொடுக்க முன்வந்தார். அப்போது இலங்கையும் அந்தப் பேரரசுக்குள்தான் இருந்தது. அந்தக் காலத்திலேயே எழுந்த விமர்சனம் ஒன்று இருக்கிறது. பெட்டியைக் கொடுக்கிறீர்கள், அதை நடத்தத் தெரிந்த ஆள் அந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறாரா? இந்தக் கேள்வியை மறக்க வேண்டாம், திரும்ப வரும்.

இதே காலத்தில் இன்னொரு பாதையும் திறந்தது. 1936ல் லண்டன் வைத்தியர் போல்ற்றன், இதயம் தளர்ந்து நுரையீரலில் நீர் கோர்த்த நோயாளிகளுக்கு முகத்தில் மாஸ்க்கைக் கட்டி, அதற்குள் வக்கியூம் கிளீனரைத் திருப்பி வைத்து ஊதவிட்டார். உறிஞ்சும் பக்கத்தை விட்டுவிட்டு ஊதும் பக்கத்தைப் பொருத்தினார், அவ்வளவுதான். மூச்சுத் திணறல் அடங்கியதாக லான்செட் இதழில் எழுதினார். மாஸ்க் வழியாக மெல்லிய அழுத்தத்தை விடாமல் கொடுத்துக்கொண்டிருப்பது எண்ட இண்டைய சிகிச்சையின் மூதாதை இதுதான். சிட்னியில் 1981ல் கொலின் சலிவன், தூக்கத்தில் மூச்சடைக்கும் நோய்க்குக் கருவி செய்தபோதும் அவர் கையில் எடுத்தது வக்கியூம் கிளீனர் மோட்டரைத்தான். வீடு கூட்டுகிற அந்தச் சாமானுக்கு வைத்தியத்தில் ஒரு தனி வரலாறே இருக்கிறது.

ஆயிரத்தைந்நூறு மாணவர்கள்

மாஸ்க்கின் கதை அப்படியே வளர்ந்திருக்கும். ஆனால் 1952 ஓகஸ்டில் டென்மார்க்கின் கொப்பன்ஹேகனில் போலியோ வெடித்தது. பிளெக்டம் ஆஸ்பத்திரியில் முழு உடம்புக்கும் இரும்புப் பெட்டி ஒன்றே ஒன்று. நெஞ்சை மட்டும் மூடும் சிறிய கருவிகள் ஆறு. முதல் மூன்று கிழமையில் மூச்சுத் தசை செயலிழந்து வந்த 31 பேரில் 27 பேர் இறந்தார்கள்.

பியோர்ன் இப்சன் எண்ட மயக்க மருந்து வைத்தியர் வேறொரு வழியைச் சொன்னார். கழுத்தில் சிறு துளை இட்டு, மூச்சுக்குழாய்க்குள் குழாய் வைத்து, ரப்பர் பையைக் கையால் அமுக்கிக் காற்றைக் கொடுப்பது. ஓகஸ்ட் 27ஆம் திகதி பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியில் செய்து காட்டினார். பிள்ளை பிழைத்தது. ஆனால் பையை அமுக்க மெஷின் இல்லை. மருத்துவ மாணவர்களைக் கூப்பிட்டார்கள். மாறி மாறி, இரவு பகலாக, மாதக்கணக்கில் ஏறத்தாழ 1,500 மாணவர்கள் அந்தக் கட்டில்களின் பக்கத்தில் இருந்து பையை அமுக்கினார்கள். அவர்கள் கொடுத்த நேரத்தைக் கூட்டினால் 165,000 மணித்தியாலம் வருகிறது. நூற்றுக்கு 87 ஆக இருந்த சாவு பாதிக்கும் கீழே இறங்கியது.

இண்டைக்கு நாம் சொல்லும் அதிதீவிர சிகிச்சைப் பிரிவு அங்கிருந்துதான் தொடங்கியதாக மருத்துவ வரலாற்றாளர்கள் சொல்வார்கள். மூச்சுக் கஷ்டம் எண்டால் குழாய் எண்ட வழக்கமும் அந்த வெற்றியோடு உறுதியானது. பிறகு மாணவர்களின் கை இருந்த இடத்தில் மெஷின் வந்தது, வெளியில் இருந்து கொடுக்கும் உதவி பின்னுக்குப் போனது. ஆனால் கொப்பன்ஹேகனில் பையை அமுக்கியவர்கள் வெறும் மோட்டர் இல்லை. பிள்ளையின் முகத்தைப் பார்த்தார்கள், நிறம் மாறுகிறதா எண்டு பார்த்தார்கள், அந்தப் பிள்ளைக்குத் தேவையான வேகத்தில் அமுக்கினார்கள். கதையைச் சுருக்கிச் சொல்லும்போது இந்தப் பகுதிதான் விடுபட்டுப் போகிறது.

நுரையீரலுக்குள் வெள்ளம்

போலியோவில் நுரையீரல் நல்லாத்தான் இருக்கும், அதை இயக்கும் தசைதான் படுத்துவிடும். நாம் பேசவேண்டிய நோய் இதற்கு மறுபக்கம். தசை வேலை செய்யும், நுரையீரல்தான் கெட்டுப் போயிருக்கும்.

1967ல் அமெரிக்காவின் டென்வர் நகரில் ஆஷ்போ, பெற்றி முதலான வைத்தியர்கள் லான்செட்டில் பன்னிரண்டு நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். ஒருவருக்கு விபத்து, ஒருவருக்கு நியூமோனியா, இன்னொருவருக்கு வேறு ஏதோ. காரணம் வேறு வேறு, முடிவு ஒன்று. திடீரெண்டு மூச்சு வாங்கும், ஒட்சிசன் கொடுத்தாலும் ஏறாது, எக்ஸ்ரேயில் நுரையீரல் இரண்டு பக்கமும் வெள்ளையாகத் தெரியும். பன்னிரண்டு பேரில் ஏழு பேர் இறந்தார்கள். 'கடும் சுவாசத் திணறல் நோய்த்தொகுதி' எண்டு பிறகு பெயர் பெற்றது இந்த நிலைதான். வியட்நாம் போரில் காயப்பட்ட சிப்பாய்களிலும் இதே நிலையைப் பார்த்திருந்தார்கள்.

உள்ளே என்ன நடக்கிறது? நுரையீரல் கோடிக்கணக்கான சின்னஞ்சிறு காற்றறைகளால் ஆனது. ஒவ்வொரு அறையின் சுவரிலும் மெல்லிய இரத்தக் குழாய்கள். கடும் தொற்றிலோ அதிர்ச்சியிலோ அந்தச் சுவர் கசியத் தொடங்கினால், இரத்தத்தில் உள்ள நீர் அறைக்குள் புகும். மாரியில் வாவி பெருகி வளவுக்குள் ஏறுவது போல, ஒவ்வொரு அறையாக மூழ்கும். மூழ்கின அறைக்குள் காற்றுப் போகாது, போனாலும் இரத்தத்தில் சேராது.

மெல்லிய அழுத்தம் உதவுவது இங்கேதான். பலூனை ஊதிப் பாருங்கள். முதல் ஊதுதான் கஷ்டம். கொஞ்சம் விரிந்த பிறகு லேசு. முழுக்கச் சுருங்கவிட்டால் திரும்ப முதலில் இருந்து கஷ்டப்பட வேண்டும். மூச்சை வெளியே விடும்போதும் கொஞ்சம் அழுத்தத்தை உள்ளே பிடித்து வைத்திருந்தால், அறைகள் முழுக்கச் சுருங்காது. டென்வர் வைத்தியர்கள் குழாய் வழியாகச் செய்ததும் இதுதான், மாஸ்க் செய்வதும் இதுதான். சாய்ந்த வேலிக்கு முட்டுக் கொடுப்பது மாதிரி. முட்டு வேலியைக் கட்டித் தராது, விழாமல் பிடித்து வைக்கும். உள்ளே இருக்கும் நோய்க்கு மருந்து வேலை செய்யும் வரைக்கும் நேரம் வாங்கித் தரும்.

இந்த நோய் நமக்குத் தூரத்து விசயம் இல்லை. வயல் தண்ணியோடு வரும் எலிக்காய்ச்சல் முற்றினால் நுரையீரலில் இரத்தம் கசியும். மண்ணில் வாழும் கிருமியால் வரும் மெலியோய்டோசிஸ் நெல் விளையும் நாடுகளின் நோய், இலங்கையும் அதில் ஒன்று. 2004 டிசம்பர் 26ல் கல்லடி, நாவலடிக் கரைகளை அடித்த கடல் இங்கே எத்தனை பேரைக் கொண்டுபோனது எண்டு நாம் சொல்லத் தேவையில்லை. அதே அலையில் சேறும் உப்புத் தண்ணியும் குடித்துத் தப்பியவர்களில் நாட்கள் கழித்துக் கடும் நுரையீரல் தொற்று வருவதை இந்தோனேசியாவின் அச்சே பகுதியில் வேலை செய்த வைத்தியர்கள் கண்டு, அதற்குச் 'சுனாமி நுரையீரல்' எண்டே பெயர் வைத்தார்கள்.

போத்தலும் குமிழியும்

1963ல் அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் குறைமாதப் பிள்ளை பிறந்து இரண்டு நாள் கூட முடியாமல் மூச்சுத் திணறி இறந்தது. நுரையீரல் முதிராத பிள்ளைகளுக்கு அப்போது செய்ய அதிகம் இருக்கவில்லை. 1971ல் சான் பிரான்சிஸ்கோவின் ஜோர்ஜ் கிரகரி, இப்படியான இருபது பிள்ளைகளுக்கு விடாத மெல்லழுத்தம் கொடுத்து, பதினாறு பேரைக் காப்பாற்றியதாக அறிவித்தார். சில பிள்ளைகளுக்குக் குழாய்கூட இல்லை. தலையைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் கூண்டு மட்டும்.

இதையே இன்னும் எளிமையாக்கியதுதான் குமிழி முறை. பிள்ளையின் மூக்கில் இருந்து மூச்சு வெளியேறும் குழாயின் நுனியைத் தண்ணிப் போத்தலுக்குள் அமிழ்த்த வேண்டும். ஐந்து சென்ரிமீற்றர் அமிழ்த்தினால், அந்த ஐந்து சென்ரிமீற்றர் தண்ணியைத் தள்ளிக்கொண்டுதான் மூச்சு வெளியே வரவேண்டும். அந்த எதிர்ப்பு நுரையீரலைத் திறந்து வைக்கும். மெஷின் எதுவும் தேவையில்லை. ஒட்சிசன், குழாய், தண்ணி. குமிழி வந்தால் வேலை செய்கிறது, நின்றால் எங்கேயோ ஒழுகுகிறது.

பங்களாதேஷ் வைத்தியர் மொஹம்மத் ஜோபாயர் சிஸ்தி இளம் வைத்தியராக இருந்தபோது ஒரே இரவில் மூன்று பிள்ளைகள் நியூமோனியாவில் இறப்பதைப் பார்த்தவர். பிறகு மெல்போர்ணில் இந்தக் குமிழிக் கருவியைக் கண்டு, டாக்காவுக்கு வந்து வெறும் ஷாம்பு போத்தலில் அதைச் செய்தார். 2011 முதல் 2013 வரை கடும் நியூமோனியாவோடு வந்த, ஐந்து வயதுக்குக் கீழான 225 பிள்ளைகளில் ஆய்வு நடந்தது. வழமையான மெல்லிய ஒட்சிசன் கொடுத்த பிள்ளைகளில் 15 வீதம் இறந்தார்கள். குமிழி முறையில் 4 வீதம். ஏழை நாடுகளுக்கு விடிவு வந்துவிட்டது எண்டு உலகமே எழுதியது.

கதை இங்கே முடிந்திருந்தால் நல்லா இருந்திருக்கும்.

ஆபிரிக்காவின் மலாவியில் ஒரு மாவட்ட ஆஸ்பத்திரியில் இதே முறையைச் சோதித்தார்கள். 644 பிள்ளைகள். முடிவு 2019ல் வெளிவந்தது. மெல்லிய ஒட்சிசன் கொடுத்த பிள்ளைகளில் 11 வீதம் இறந்தார்கள். குமிழி முறையில் 17 வீதம். உதவி உபத்திரவமாகிவிட்டது. ஆய்வை இடையிலேயே நிறுத்த வேண்டி வந்தது.

அதே மாதிரியான போத்தல், அதே தண்ணி. என்ன வித்தியாசம்? டாக்காவில் நடந்தது பெரிய ஆராய்ச்சி ஆஸ்பத்திரியில். அங்கே வைத்தியர்கள் பக்கத்திலேயே இருந்தார்கள், பிள்ளை களைத்தால் உடனே அடுத்த படிக்குப் போக வழி இருந்தது. மலாவியில் வழமையான வைத்தியர் மேற்பார்வை இல்லை, அதிதீவிரப் பிரிவும் இல்லை. எச்.ஐ.வி. பாதிப்பும் போசாக்கின்மையும் உள்ள பிள்ளைகள் அதிகம். ஆகவே மேற்பார்வை ஒன்றுதான் காரணம் எண்டு ஒற்றை வரியில் முடிக்க முடியாது. ஆனாலும் ஒன்று சொல்லலாம். போத்தலைக் கொண்டு போவது லேசு. டாக்கா வார்டைக் கொண்டு போவது லேசில்லை.

முகத்தில் கட்டிய நம்பிக்கை

பெரியவர்களில் மாஸ்க் திரும்பி வந்தது 1980களின் கடைசியில். 1995ல் பிரான்சின் லோரன் புரோஷார் குழு, புகை பிடித்தும் நெடுநாள் இருமியும் நுரையீரல் கெட்ட நோயாளிகளில் அதன் பலனைக் காட்டியது. மாஸ்க் இல்லாதவர்களில் 74 வீதம் பேருக்குக் குழாய் தேவைப்பட்டது. மாஸ்க் போட்டவர்களில் 26 வீதம்தான். அந்த நோயில் இண்டைக்கு மாஸ்க்தான் முதல் தெரிவு.

ஆனால் வெள்ளம் ஏறிய நுரையீரலில் கதை அவ்வளவு நேராகப் போகவில்லை. 2014ல் ஐம்பது நாடுகளின் அதிதீவிரப் பிரிவுகளில் நடந்த பெரிய கணக்கெடுப்பில், இந்த நோய்க்கு மாஸ்க் போட்டவர்களில் நோய் மெல்லியதாக இருந்தால் ஐந்தில் ஒருவருக்கு மாஸ்க் தோற்றது. கடுமையாக இருந்தால் ஏறத்தாழ இரண்டில் ஒருவருக்கு. தோற்ற பிறகு குழாய் போட்டவர்களில் சாவு அதிகம்.

ஏன்? மாஸ்க் போட்டதும் ஒட்சிசன் அளவு ஏறும், முகத்தில் நிறம் வரும், சொந்தக்காரர் "அப்பாடா" எண்பார்கள். ஆனால் ஆள் இன்னும் நிமிசத்துக்கு முப்பத்தைந்து தரம் மூச்சிழுத்துக்கொண்டிருக்கலாம், கழுத்துத் தசைகள் துடித்துக்கொண்டிருக்கலாம். அந்த இழுவையே கெட்ட நுரையீரலை மேலும் கிழிக்கும். திரையில் இலக்கம் நல்லா இருக்கும், உள்ளே ஆள் களைத்துக்கொண்டிருப்பார். அதைக் கண்டுபிடிக்க ஒரே வழி பக்கத்தில் வந்து பார்ப்பதுதான். மூச்சை எண்ண வேண்டும். பேசச் சொல்லிப் பார்க்க வேண்டும், ஒரு வசனத்தை ஒரே மூச்சில் முடிக்கிறாரா எண்டு. முதல் ஒன்றிரண்டு மணித்தியாலத்தில் தேறவில்லை எண்டால், "இன்னும் கொஞ்சம் பார்ப்பம்" எண்டு இழுக்காமல் அடுத்த முடிவை எடுக்க வேண்டும்.

இதற்கிடையில் மூக்கு வழியாகச் சூடாக்கி ஈரமாக்கிய ஒட்சிசனை நிமிசத்துக்கு 50, 60 லீற்றர் வேகத்தில் கொடுக்கும் முறையும் வந்தது. 2015ல் பிரான்சிலும் பெல்ஜியத்திலும் 310 பேரில் நடந்த ஆய்வில், 90 நாளில் அந்த முறையில் 12 வீதம் பேர் இறந்தார்கள். வழமையான ஒட்சிசனில் 23 வீதம், மாஸ்க்கோடு மாறிக் கொடுத்த குழுவில் 28 வீதம். புதுசு, பலமானது, விலை கூடியது எண்டதால் மட்டும் ஒரு கருவி நல்லதாகிவிடாது எண்டதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டியதில்லை.

2021, வாவிக்கரை

பிறகு கொவிட். 2020இன் தொடக்கத்தில் பல நாடுகளில் "நேரத்தோடு குழாய் போடுங்கள்" எண்டார்கள். சில மாதத்தில் அந்தக் குரல் மாறியது. பிரித்தானியாவில் 1,273 பேரில் நடந்த ஆய்வு, மாஸ்க் வழி விடாத மெல்லழுத்தம் பலரைக் குழாயில் இருந்து காப்பாற்றுவதைக் காட்டியது. விழித்திருக்கும் நோயாளியைக் குப்புறப் படுக்க வைப்பதும் கொஞ்சம் உதவியது. குப்புறப் படுக்க ஒரு சதமும் செலவில்லை. ஆனால் மூச்சு முட்டுகிற ஒருவரைப் பேசிச் சமாளித்து, திருப்பி, தலையணை வைத்து, மணித்தியாலக் கணக்கில் அப்படியே இருக்க வைக்க ஆள் வேண்டும்.

இலங்கையில் உச்சம் 2021 ஓகஸ்டில். நாளொன்றுக்கு 200க்கும் மேல் சாவு. வேகமாகக் கொடுக்கும் ஒட்சிசன் முறையின் மறுபக்கம் அப்போதுதான் தெரிந்தது. நிமிசத்துக்கு 60 லீற்றர் எண்டால் மணித்தியாலத்துக்கு 3,600 லீற்றர். ஏறத்தாழ 7,000 லீற்றர் பிடிக்கும் பெரிய சிலிண்டர் ஒருவருக்கு இரண்டு மணித்தியாலம் காணாது. ஓகஸ்ட் 22ல் இந்தியக் கடற்படையின் 'சக்தி' எண்ட கப்பல் விசாகப்பட்டினத்தில் இருந்து 100 தொன் திரவ ஒட்சிசனோடு கொழும்புக்கு வந்தது. அதே பெயருள்ள இலங்கைக் கடற்படைக் கப்பல் சென்னையில் இருந்து ஏற்றி வந்தது. மூச்சுக்கான காற்றைக் கடல் கடந்து கொண்டுவர வேண்டி வந்த காலம் அது.

மட்டக்களப்பில் காத்தான்குடி ஆதார வைத்தியசாலை கொவிட் சிகிச்சைக்கு மாற்றப்பட்டது. போதனா வைத்தியசாலைதான் மாவட்டத்தின் பெரிய நம்பிக்கை. ஆனால் அந்த நம்பிக்கைக்குப் போய்ச் சேருவதே இங்கே ஒரு வரலாறு. வாவி நம்மை எழுவான்கரை, படுவான்கரை எண்டு இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது. மண்முனையில் பாலம் வந்தது 2014ல்தான். அதற்கு முதல் பாதையில் ஏறித்தான் கடக்க வேண்டும். பாதை எண்டால் ரோட்டு இல்லை, வாவியைக் கடக்கும் மிதவை. குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையில் பாதையை நம்பிச் சீவித்த தலைமுறைகள் எத்தனை! இழுப்பு வந்த பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பாதைக்குக் காத்திருந்த தாய்மாரின் கதை, படுவான்கரையில் எந்த வளவுக்குள் போனாலும் கேட்கலாம்.

இன்னொரு இடத்தையும் சொல்லாமல் போக முடியாது. கொவிட்டில் இறந்தவர்களைக் கட்டாயம் எரிக்க வேண்டும் எண்ட உத்தரவு 2021 பெப்ரவரி வரைக்கும் நடைமுறையில் இருந்தது. அது மாறிய பிறகு, மார்ச் 5ல் இருந்து நாடு முழுக்க இருந்தும் உடல்கள் நம்மட மாவட்டத்து ஓட்டமாவடி, மஜ்மா நகருக்குக் கொண்டுவரப்பட்டன. ஒரு வருசத்தில் 3,600க்கும் மேற்பட்டவர்கள் அங்கே அடக்கப்பட்டார்கள். பெரும்பாலும் முஸ்லிம்கள், வேறு சமயத்தவர்களும் இருக்கிறார்கள். 2024 ஜூலையில் கட்டாய எரிப்புக்காக அரசாங்கம் மன்னிப்புக் கேட்டது. அந்த மண்ணில் கிடக்கும் பலர் கடைசியாக மூச்சுக்குப் போராடியது ஏதோ ஒரு வார்டில், உம்மா வாப்பா, பிள்ளை, மனுசி ஒருவரும் பக்கத்தில் இல்லாமல்.

மாஸ்க்குக்கும் குழாய்க்கும் இடையில் புள்ளிவிபரத்தில் வராத ஒரு வித்தியாசம் இருப்பது இங்கேதான் விளங்குகிறது. குழாய் போட்டவர் பேச முடியாது, பெரும்பாலும் மயக்கத்தில் இருப்பார். மாஸ்க் போட்டவர் கொஞ்ச நேரம் அதை விலக்கி ஒரு வாய் தண்ணி குடிக்கலாம். போனில் மகளோடு இரண்டு சொல் பேசலாம். "எனக்கு இது வேணாம்" எண்டும் சொல்லலாம். வெளியில் இருந்து கொடுக்கும் உதவி ஆளை ஆளாகவே வைத்திருக்கிறது. அதுக்காகவே அதைக் கேட்கிற ஒருவரும் பக்கத்தில் இருக்க வேண்டும்.

நாங்கள் கேட்க வேண்டியது

கொவிட் காலத்தில் வெளிநாட்டில் இருக்கும் நம்மட ஆட்கள், பழைய மாணவர் சங்கங்கள், பள்ளிவாசல்கள், கோயில்கள் எண்டு எல்லாரும் காசு சேர்த்துக் கருவிகள் வாங்கிக் கொடுத்தார்கள். நல்ல மனசு. அதைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஆனால் அடுத்த முறை காசு சேர்க்கும்போது இன்னும் சில கேள்விகளையும் சேர்த்துக் கேட்போம். இந்த மெஷினை இரவு இரண்டு மணிக்குப் பார்த்துக்கொள்ளப் போகும் தாதி யார்? அவருக்கு எத்தனை கட்டில்? மாஸ்க் தேறவில்லை எண்டால் அடுத்து எங்கே, எந்த வாகனத்தில், எவ்வளவு நேரத்தில்? ஒரு பயிற்சிக்கு, ஒரு உதிரிப் பாகத்துக்கு, ஒரு தாதியின் மேற்படிப்புக்குக் கொடுக்கும் காசு படம் பிடித்து முகநூலில் போட அவ்வளவு அழகாக இராது. ஆனால் டாக்காவுக்கும் மலாவிக்கும் இடையில் இருந்த தூரத்தை அதுதான் குறைக்கும்.

இதை வாசிக்கிற உங்களில் சிலர் உயர்தரத்தில் உயிரியல் படிப்பீர்கள். சிலர் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் மருத்துவமோ தாதியமோ படிக்கப் போவீர்கள். வேறு எதுவும் படிக்கப் போகிறவர்களும் ஒரு நாளைக்கு ஏதோ ஒரு வார்டில், ஒருத்தரின் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கத்தான் போகிறீர்கள். 1952ல் கொப்பன்ஹேகனில் பையை அமுக்கிய 1,500 பேரும் இருபதுகளில் இருந்த மாணவர்கள். நம்மட வயசு. அவர்கள் செய்ததில் பெரிய விஞ்ஞானம் ஒன்றும் இல்லை. பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே அமுக்கியதுதான்.